ஓய்வுபெற்ற சங்கீத ரீச்சருக்கு நாங்கள் என்ன செய்யலாம்?

செம்மண்காரன் (ரொறன்ரோ) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் யாழ்ப்பாணத்து இணுவில். பாடசாலையில் எங்களுக்குச் சங்கீதம் படிப்பித்த ரீச்சருக்கு வருகிற ஆண்டு 75 வயது நிறைகிறது. கணவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். ரீச்சர் மட்டும் அதே வீட்டில், அதே கிணற்றடியில், அதே சுருதிப்பெட்டியோடு இருக்கிறார். பின்னேரத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து பாடிவிட்டுப் போவதாகக் கேள்வி. காசு வாங்குவதில்லையாம்.

இங்கே பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து ஏதாவது செய்யவேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஒருவர் ஸ்காபரோவில் மண்டபம் எடுத்து ரீச்சரை இங்கே அழைத்துப் பெரிய விழா வைக்கலாம் என்கிறார். இன்னொருவர் சேவை நயப்பு மலர் அடிப்போம் என்கிறார். வீட்டுக் கூரையைத் திருத்திக் கொடுத்தால் போதும் என்பது என் எண்ணம். தொலைபேசியில் கேட்டதற்கு ரீச்சர் சொன்ன பதில் இது: "எனக்கு எதற்கு இதெல்லாம்? திருவிழா வருகிறது, எனக்குக் கோயிலில் வேலை கிடக்கிறது." அதோடு தொலைபேசியை வைத்துவிட்டார்.

இப்படிப்பட்ட ஒருவருக்கு உண்மையில் எது உதவி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நூலகப் பூனை (லண்டன்):

நாங்கள் எங்கள் ஆசிரியர் ஒருவருக்கு மலர் அடித்தோம். வழவழப்பான தாள், வண்ணப் படங்கள். வாழ்த்துச் செய்திகளே பாதிப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டன. அரசியல்வாதி, கோயில் தர்மகர்த்தா, கடை முதலாளி எல்லோருடைய முகமும் இருக்கிறது. ஆசிரியர் என்ன படிப்பித்தார், எப்படிப் படிப்பித்தார் என்பது மூன்று பக்கத்தில் முடிந்துவிட்டது. மிச்சப் பிரதிகள் இன்னும் என் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன.

மலர்தான் என்றால் வாழ்த்துச் செய்தியே வேண்டாம் என்று முதலிலேயே முடிவெடுங்கள். அச்சடித்த கையோடு, எங்கள் நூல்களை மின்வடிவில் சேர்த்துவைக்கும் 'நூலகம்' இணையத்தளத்துக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். கரையான் தின்னாது.

கிணற்றடி (உடுவில்):

தம்பி, நானும் ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியைதான். உங்கள் ரீச்சர் யார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. நீங்கள் எழுதியதில் பாதி என் வீட்டுக் கதை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவுக்கு அழைக்கும் யோசனையை முதலில் விடுங்கள். போய்வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். மண்டபத்தில் இரண்டு மணி நேரம் மாலை, மரியாதை. மிச்ச நாளெல்லாம் நிலக்கீழ் அறையில் ஜன்னலைப் பார்த்தபடி. காலையில் பாடினால் மேல்வீட்டுக்காரர் தட்டுவார்.

பொன்னாடையும் வேண்டாம். என்னிடம் ஓர் அலுமாரித் தட்டு நிறையப் பொன்னாடை இருக்கிறது. கட்டவும் முடியாது, துடைக்கவும் உதவாது. ஒன்றை வெட்டி ஆர்மோனியத்துக்கு உறை தைத்தேன். அதற்கு நன்றாகப் பொருந்தியது.

நான் படித்தது மருதனார்மடத்தில், இராமநாதன் அகடமியில். 1975இல் அதைப் பல்கலைக்கழகத்தோடு இணைத்தார்களே, அதற்கு முந்திய கூட்டம் நான். பாடகர் மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்த நாட்களைப் பற்றி மூத்த அக்காமார் கதை கதையாகச் சொல்லுவார்கள். அங்கே கிருதியும் வர்ணமும் படித்தேன். முதல் நியமனம் நெடுந்தீவு. பிறகு வேறு இடங்கள், கடைசியில் ஊர்ப் பாடசாலை. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கும் சாதாரண தரச் செய்முறைப் பரீட்சைக்கும் தமிழ்மொழித்தினப் போட்டிக்கும் பிள்ளைகளைத் தயார்படுத்தியதிலேயே ஆண்டுகள் ஓடிவிட்டன. அறுபது வயதில் பாடசாலை என்னை விட்டது. ஊர் விடவில்லை.

வெளியில் இருப்பவர்களுக்கு இது விளங்குவதில்லை. ஊரில் சங்கீத ரீச்சர் என்றால் அரங்கேற்றத்துக்கு முன்வரிசையில் இருப்பவர் என்று நினைக்கிறார்கள். செத்த வீட்டுக்கும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். சடங்கில் சுண்ணம் இடிக்கும்போது திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் பாட ஆள் வேண்டும். இப்போது பாதி வீடுகளில் அது தெரிந்தவர் இல்லை. யாராவது ஒரு பையன் சைக்கிளில் வந்து படலையில் நின்று, "ரீச்சர், வரச் சொன்னார்கள்" என்பான். சமைத்ததை மூடிவைத்துவிட்டுப் போகவேண்டும். முப்பத்தோராம் நாள், இறந்தவர் நினைவாக எழுதிய கல்வெட்டுப் பாடவும் அதே பையன் வருவான். மார்கழியில் திருவெம்பாவை. கோயிலில் பூசை முடிந்து ஐயர் 'பஞ்சபுராணம்' என்று சொன்னதும் ஒரு பிள்ளை முன்னால் வந்து பிசகாமல் பாடவேண்டும்; அந்தப் பிள்ளையை யார் தயார்படுத்தியது என்று யாரும் கேட்பதில்லை, பிசகினால் மட்டும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். திருக்கோணேச்சரத்துப் பதிகத்தைப் புறநீர்மைப் பண்ணில், அதாவது இப்போதைய பூபாள ராகத்தில், விடியற்காலையில் ஒரு சின்னப் பிள்ளை பாடிக் கேட்டால் அந்தக் கோபம் ஆறிவிடும். எல்லாத் தேவாரத்தையும் ஒரே மெட்டில் இழுப்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் கை துறுதுறுக்கும். அது வேறு கதை.

"கோயிலில் வேலை கிடக்கிறது" என்று உங்கள் ரீச்சர் சொன்னாரே, அதைச் சாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய கோயிலில் ஊஞ்சல் பாடுபவர் யார் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், எங்கள் பக்கத்தில் கோயிலுக்குக் கோயில் தனி ஊஞ்சற் பதிகம் உண்டு. மகோற்சவம் முடிந்து பூங்காவனத் திருவிழாவன்று சுவாமியை ஊஞ்சலில் இருத்திப் பாடுவது. காப்பில் தொடங்கி, விருத்தங்கள் ஒவ்வொன்றும் 'ஆடீர் ஊஞ்சல்' என்று முடிந்து, பிறகு எச்சரிக்கை, பராக்கு, லாலி, மங்களம் என்று போகும். புலவர் எழுதிய பாட்டுகள் புத்தகமாக இருக்கின்றன. பாட்டின் மெட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லை. எந்த விருத்தத்தை எந்த ராகத்தில் எடுப்பது, எந்தச் சொல்லில் நின்று கயிறு திரும்பிவரும்வரை இழுப்பது என்பதெல்லாம் பாடுகிறவர் தொண்டையில் மட்டும் இருக்கிறது.

எங்கள் கோயிலில் ஊஞ்சல் பாடியவர் ஒரு புகையிலைத் தோட்டக்காரர். நான் அவரை அம்மான் என்று கூப்பிடுவேன். சரளி வரிசை தெரியாது. ராகப் பெயர் கேட்டால், "அது மூன்றாவது பாட்டு ராகம்" என்பார். ஆனால் இரவிரவாக அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் தெட்சணாமூர்த்தியின் தவிலையும் கோயில் வீதியில் இருந்து கேட்ட காது அது. சஹானாவை அவர் இறக்குகிற இடத்தில் அகடமியில் படித்த நான் வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அவருக்கு வயது ஏறிவிட்டதே என்று பயந்து, சுரப்படுத்தி வைக்கலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். ஒலிப்பதிவு செய்யலாமே என்று கேட்பீர்கள். போர்க்காலம், பற்றரிக்குத் தடை, மின்சாரம் இல்லை. றேடியோவில் செய்தி கேட்கவே சைக்கிள் டைனமோவைச் சுற்றிய காலம். கொப்பியும் பென்சிலுமாகப் போய் இருந்தேன். அம்மான் திண்ணையில் இருந்து தொண்டையைச் செருமினார், இரண்டு சொல் எடுத்தார், நின்றுவிட்டார். "சுவாமி ஊஞ்சலில் இல்லாமல் எப்படிப் பிள்ளை பாடுவது?" என்றார். மறுநாளும் அப்படித்தான்.

மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள் எல்லாம் முடங்கிக் கிடந்தன. மூலையில் கிடந்த துலாவை மறுபடி பூட்டியிருந்தார்கள். ஒருநாள் நான் தோட்டத்துப் பக்கம் போனபோது அவர் துலாக் கயிற்றைப் பிடித்துத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். கயிறு கீழே போகிறது, பட்டை நிறைகிறது, மேலே வருகிறது. அந்த இழுவையில் தன்னையறியாமல் முதல் விருத்தத்தை எடுத்தார். எனக்குப் பிடிபட்டுவிட்டது. கையில் கயிறு இருந்தால் அவருக்குப் பாட்டு வரும்! வரம்பில் குந்திக்கொண்டு எழுதத் தொடங்கினேன். அவர் கவனித்தும் கவனிக்காதவர்போல் இறைத்துக்கொண்டே பாடினார். அந்த வாரம் முழுக்க அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் கொஞ்சம் அதிகமாகவே போனது என்று மாமி என்னை ஏசினார்.

இரவில் ஜாம் போத்தல் விளக்கில் அதை ஊஞ்சற் புத்தகத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் படியெடுத்தேன். கமகக் குறி போட இடம் இல்லாத இடங்களில் பக்கத்தில், 'அம்மான் இங்கே சிரிப்பார்' என்று எழுதிவைத்தேன். அவர் சிரித்தால் அடுத்த சங்கதி மேல் ஸ்தாயியில் வரும் என்று அர்த்தம். எனக்கு மட்டும் விளங்கும் குறி.

1995 அக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கிவர, எங்கள் பகுதியான வலிகாமமே எழுந்து நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தது. நீங்கள் அப்போது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். எங்கள் சைக்கிளில் அரிசிப் பை, அம்மாவின் மருந்து, வயலின். வீணையைக் கட்டிலில் படுக்கவைத்துப் போர்வையால் மூடிவிட்டு வந்தோம். ஊஞ்சற் புத்தகம் என் கைப்பைக்குள் அடையாள அட்டையோடு இருந்தது. அம்மான் திரும்பிவரவில்லை, தென்மராட்சியிலேயே போய்விட்டார். 1996இல் நாங்கள் வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, வீணைக்குக் குடம் இல்லை. அடுத்து நடந்த பூங்காவனத்தில் ஐயர் ஊஞ்சலை ஒருமுறை ஆட்டிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். நான் புத்தகத்தை விரித்தேன். அன்றிலிருந்து அந்த வேலை என்னிடம்தான்.

தம்பி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். ரீச்சருடைய மெட்டுகளைப் பதிவு செய்யுங்கள். உங்கள் காசில் செலவே இல்லாத காரியம் அது. ஆனால் கோயில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் தொலைபேசியை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள், இரைச்சல்தான் மிஞ்சும். வீட்டில், காலைத் தேநீருக்குப் பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, சுருதியைத் தாழ்த்தி வைத்து, ஒரு நேரத்தில் ஒரு விருத்தம். பாடி முடிந்ததும் ராகம் எது, யாரிடம் கேட்டது, முன்னர் வேறு மாதிரிப் பாடினார்களா என்று பேசவிட்டு அதையும் பதியுங்கள். அந்தப் பேச்சுத்தான் பின்னால் பொன்னாக இருக்கும். நூலகப் பூனை சொன்ன இடத்தில் அதைச் சேர்க்கலாம், ரீச்சர் சம்மதித்தால்.

காசு செலவழித்தே ஆகவேண்டும் என்றால், பின்னேரம் வரும் அந்தப் பிள்ளைகளுக்குச் செலவழியுங்கள். சங்கீத சபைப் பரீட்சைக் கட்டணத்துக்குத் தயங்குகிற வீடுகள் உண்டு. ரீச்சர் தன் ஓய்வூதியத்திலிருந்து இரகசியமாகக் கட்டிக்கொண்டிருப்பார். எனக்குத் தெரியும், நானும் அதைத்தான் செய்கிறேன். மிருதங்கத்துக்குத் தோல் மாற்றவேண்டும். வயலின் தந்தி வேண்டும். கூரையையும் திருத்துங்கள், ஆனால் அவர் பாடும் விறாந்தைப் பக்கத்தை முதலில்.

வீதிவலம் (பாரிஸ்):

ரீச்சர் அம்மா சொன்னதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். விழா வேண்டும். எங்கள் ஊரில் மருத்துவர், பொறியியலாளர் என்றால் பந்தல் போட்டு வரவேற்கிறார்கள். ஆயுள் முழுவதும் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவருக்கு ஒரு மேடை கிடையாதா? ரீச்சருக்கு அது தேவையில்லாமல் இருக்கலாம். சங்கீதம் படித்து என்ன செய்யப்போகிறாய் என்று வீட்டில் ஏச்சு வாங்கும் பிள்ளைகளுக்குத் தேவை.

இன்னொன்று. ஊஞ்சலில் பாடுபவர் பாதிதான். ஒவ்வொரு விருத்தமும் முடிந்த பிறகு நாயனக்காரர் அதே ராகத்தை வாங்கி வாசிப்பாரே, அதையும் பதியுங்கள். என் பாட்டனார் தவில் வாசித்தவர். எந்தக் கோயிலில் எந்தப் பாட்டுக்கு எவ்வளவு நேரம் வாசிக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டிலும் வாய்க்கணக்காகத்தான் இருந்தது. அவரோடு போய்விட்டது.

கிணற்றடி (உடுவில்):

நாயனக்காரரைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் எழுதவேண்டியதை நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

விழாவுக்கும் நான் முழு எதிரி இல்லை. வைப்பதென்றால் விஜயதசமியன்று பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ வையுங்கள். ஏடு தொடக்குகிற நாள், பிள்ளைகள் எப்படியும் வருவார்கள். ரீச்சரிடம் படித்தவர்கள் மூன்று தலைமுறையும் மேடையேறிப் பாடட்டும்: பேத்தி, தாய், முடியுமென்றால் அம்மம்மாவும். பேச்சாளர் ஒருவரும் வேண்டாம். அதிபர் நன்றி சொல்லட்டும், அது போதும். மேடைக்குப் பின்னால் அடிக்கிற பதாகையில் ரீச்சருடைய படத்தைவிட உபயகாரர் படம் பெரிதாக இருக்கக்கூடாது.

செம்மண்காரன் (ரொறன்ரோ):

எல்லோருக்கும் நன்றி. மண்டபக்காரருக்கு முன்பணம் கொடுக்கவிருந்ததை நிறுத்திவிட்டேன்.

கிணற்றடி அம்மா சொன்னபடி ஊரில் இருக்கும் மச்சாளிடம் விசாரித்தேன். நீங்கள் சொன்னதுதான். ஊஞ்சல் பாடுவது எங்கள் ரீச்சரேதான்! ஆனால் போன திருவிழாவில் இரண்டு விருத்தம் பாடிவிட்டு, மிச்சத்தைப் பாடாமல் வாசித்து முடித்தாராம். நேற்று நான் மெதுவாகக் கதையை எடுத்தேன். "குரல் போய்விட்டது தம்பி, இனி அதைப் பதிந்து ஊர் சிரிக்கவேண்டுமா?" என்கிறார். நான் மாசியில் ஊருக்குப் போகிறேன். இவரை எப்படிப் பாடவைப்பது?

கிணற்றடி (உடுவில்):

குரல் போனது என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள். எழுபதுக்கு மேல் மேல் ஸ்தாயி எட்டாது, மூச்சு வரிக்கு நடுவில் அறும்; மேடையில் ஆண்ட குரலை இப்படிக் காட்ட எந்தப் பாடகிக்கும் மனம் வராது. "பாடுங்கள்" என்று கேட்டால் கடைசிவரை மாட்டார்.

அவரிடம் படிக்கும் பிள்ளைகளில் நன்றாகப் பாடுகிற ஒருத்தியை மச்சாளிடம் சொல்லிப் பிடியுங்கள். ஊஞ்சற் புத்தகத்தைக் கொடுத்து, மனத்துக்குத் தோன்றிய மெட்டில் ஒரு விருத்தத்தை ரீச்சர் முன்னால் பாடச் சொல்லுங்கள். பிழையாகப் பாடவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, தானாகவே பிழைக்கும். இரண்டாவது அடி முடிவதற்குள் ரீச்சரின் கை தொடையில் தாளம் போடத் தொடங்கும். மூன்றாவது அடியில், "நில், நில், அப்படி இல்லை" என்பார். பிறகு தாழ்ந்த சுருதியில், அரைக் குரலில், அந்த இடத்தைப் பாடிக் காட்டுவார். பிள்ளை திரும்பிப் பாடும், அவர் திருத்துவார். அந்தத் திருத்தம் முழுவதையும் பதியுங்கள். குரல் நன்றாக இருந்த காலத்தில் ஒரே மூச்சில் பாடியிருந்தால்கூட உங்களுக்கு அவ்வளவு கிடைத்திருக்காது. எங்கே பிழைக்கும், ஏன் பிழைக்கும் என்பதெல்லாம் வந்துவிடும். அடுத்த பூங்காவனத்துக்குப் பாட ஒரு பிள்ளையும் ஆயத்தமாகிவிடும்.

தொலைபேசியை மேசையில் குப்புற வைத்துவிடுங்கள், ஒளித்து வைக்கவேண்டாம். பதிகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். திருத்த ஆரம்பித்த பிறகு அது அவர் கண்ணில் படாது.

பிள்ளை ஒருத்தியும் அகப்படாவிட்டால் நீங்களே பாடுங்கள் தம்பி. அது இன்னும் விரைவாக வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

செம்மண்காரன் (ரொறன்ரோ):

நான் பாடினால் ரீச்சர் வீட்டை விட்டே போய்விடுவார் அம்மா. மச்சாளின் மகள் நான்காம் தரம் படிக்கிறாள், அவளிடம் பேசியாகிவிட்டது. வயலின் தந்தி வாங்கி வருகிறேன். எத்தனை, எது என்று மட்டும் சொல்லுங்கள்.

கிணற்றடி (உடுவில்):

மேல் பஞ்சமத் தந்திதான் எப்போதும் அறுகிறது. மற்றவற்றில் ஒவ்வொன்று எடுத்தால் அதில் மூன்று எடுங்கள். பெட்டியில் சுருட்டி வளைக்காமல் உறையோடு கொண்டுவாருங்கள். வில்லுக்கு ரோசினும் ஒன்று. சின்னப் பிள்ளைகள் இருந்தால் முக்கால் அளவு வயலின் தந்தியும் வேண்டியிருக்கும். வாங்குவதற்கு முன் மச்சாளிடம் கேளுங்கள்.